எம்.பி.பி.எஸ். முடித்து செல் பயாலஜி பிஎச்.டி.க்குப் போகிறீர்களா? ஐபயாலஜி பாருங்கள்

எம்.பி.பி.எஸ். தகுதியோடு ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதலாம், பெங்களூரிலுள்ள என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி.க்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்து போனாலும் இன்டர்வியூவில்தான் சிக்கல். செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற உறுப்பு என்ன செய்யும் என்றால் கடகடவென்று சொல்லிவிடுவோம், அது எப்படித் தெரியவந்தது என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். அந்த வழியில் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இடைவெளியை நிரப்ப எனக்கு அதிகம் உதவியது, விஞ்ஞானிகளின் உரைகளைத் தரும் ஐபயாலஜி (iBiology) இணையதளத்தின் வீடியோக்கள்.

செல்லுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரதமான கைனெசினை 1985இல் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரான் வேல் தொடங்கியது, முழுக்க இலவசம். சோதனையைச் செய்தவர்களே வந்து பேசுகிறார்கள். முதல் பகுதி பெரும்பாலும் பொது அறிமுகம், அடுத்தடுத்த பகுதிகளில் அவர்களுடைய சொந்த ஆய்வு.

செல் எப்படிப் புரதத்தை வெளியே சுரக்கிறது என்று ஈஸ்ட்டில் ஆராய்ந்த ராண்டி ஷெக்மேன் உரையைத் தவறவிடாதீர்கள். சுரப்பு நின்றுபோன ஈஸ்ட் செல்லுக்குள் புரதம் சேர்ந்துகொண்டே போகும், மேற்பரப்பு வளராது, ஆகவே செல் அடர்த்தியாகிவிடும், அடர்த்திச் சரிவில் (மேலிருந்து கீழே அடர்த்தி கூடிக்கொண்டே போகும் திரவத்தில்) சுழற்றினால் அந்தச் செல்கள் மட்டும் அடியில் இறங்கும். இந்த ஒரு யோசனையில் சுரப்புக்குத் தேவையான 23 ஜீன்கள் பிடிபட்டன! இது புரிந்தபிறகு, நாம் மனப்பாடம் செய்த ஐ-செல் நோயைக்கூட (லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகள் வழி தவறி வெளியேறிவிடும் பரம்பரை நோய்) வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

மைக்ரோஸ்கோபி தொடரும் அருமை. சளி ஸ்லைடில் டி.பி. கிருமி தேட எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறோம், ஏன் விடுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியை ஒட்டியே இருப்பதால் சாய்வாக வரும் கதிர்களும் தப்பாமல் லென்ஸுக்குள் போகின்றன, நுணுக்கம் கூடுகிறது. ஆய்வகத்தில் தினமும் தேவைப்படும் விஷயம் இது.

குறை என்றால், சில உரைகள் பழையவை, அந்தத் துறை இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் புதிய கட்டுரைகளில்தான் பார்க்க வேண்டும். அப்புறம், பிப்பெட் பிடிப்பது, செல் கல்ச்சரில் பூஞ்சை வராமல் காப்பது, இதெல்லாம் வீடியோவில் வராது. சேருவதற்கு முன் சில மாதமாவது ஒரு லேபில் வேலை செய்துவிடுங்கள்.

டாக்டர் படிப்பை வீணாக்குகிறாயே என்று வீட்டில் கேட்டால் செல் உயிரியலாளர் குந்தர் ப்ளோபெலைச் சொல்லுங்கள்: 1960இல் ட்யூபிங்கனில் மருத்துவம் முடித்தவர், 1967இல் விஸ்கான்சினில் பிஎச்.டி., 1999இல் நோபல்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஷெக்மேன், அப்புறம் ரான் வேல், பிறகு மைக்ரோஸ்கோபி என்ற வரிசையில் போகலாம்.