குழாய் வெல்டிங்: இறுக்கிப் பிடிப்பதா, விட்டுப் பிடிப்பதா?

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும்; பக்கத்திலிருக்கும் சூடேறாத உலோகம் விடாது. சுருங்க வழி கிடைத்தால் குழாய் கோணும். கிடைக்காவிட்டால் அந்த இழுவிசை எஞ்சிய தகைவாக உள்ளேயே தங்கும். கோணலைக் குறைக்கும் வழி தகைவை ஏற்றிவிடுவது இதனால்தான்.

கிளாம்ப் போட்டு இறுக்கினால் குழாய் நேராக நிற்கும், ஃபிட்டருக்கு நிம்மதி. ஆனால் கழற்றியதும் கொஞ்சம் திரும்பி வளையும்; இரு முனையும் பூட்டியிருந்தால் மொத்த லைனும் இழுபட்டே கிடக்கும். மாறாக, ஒரு முனையை விட்டுவைத்து, டேக் (இடம் நகராமல் பிடிக்கும் சிறு வெல்டுப் புள்ளிகள்) போட்டு, எதிரெதிர் கால்வட்டங்களில் மாற்றி மாற்றி வெல்டு செய்யலாம். ஒரே பக்கமாகச் சுற்றினால் வரும் வளைவு இதில் பெரிதும் அடங்கும். நீளம் ஓரிரு மில்லிமீட்டர் குறையத்தான் செய்யும், அதை வெட்டும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். முனையை விட முடிகிற இடமெல்லாம் என் ஓட்டு இதற்கே. அசையாத இரு கருவிகளுக்கு நடுவே வரும் கடைசி இணைப்பில் மட்டும் வேறு வழியில்லை.

இரண்டு வழியிலும் தீராத ஒன்று உண்டு. வெல்டு வளையம் அரைஞாண் கயிறுபோல் குழாயை உள்நோக்கி இறுக்கும். மெல்லிய சுவர்க் குழாயில் இதனால் வெல்டை ஒட்டிய உள்பரப்பில் நீளவாக்கில் இழுவிசையும், வெளிப்பரப்பில் அமுக்கமும் உருவாகும். அரிக்கும் திரவம் ஓடுவதோ உள்ளே! விரிசலுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

கார்பன் எஃகு என்றால் வெல்டுக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சையே நல்லது. சுமார் 600 முதல் 650 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் எஃகு தளர்ந்து தகைவின் பெரும்பகுதி இறங்கிவிடும். தாங்கல் சரியில்லாவிட்டால் சூட்டில் குழாய் தொய்யும். கோணல் கொல்லைப்புறமாக வந்து சேரும்.

304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக்கு அதே சூடு கேடு. அந்த வெப்பத்தில் குரோமியம் கார்பைடு மணி எல்லைகளில், அதாவது உலோகத்தின் நுண்படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் ஓரங்களில், படிந்து, எல்லையோரம் குரோமியம் வற்றி, அரிப்புக்கு வழி திறக்கும். அங்கே ரூட் பாஸும் (அடியில் போடும் முதல் வெல்டு அடுக்கு) அடுத்த ஓரிரு அடுக்கும் முடிந்தபின், உள்ளே தண்ணீரை ஓடவிட்டு மீதியைப் போடுவதே மேல். வெளிப்பக்கம் சூடு, உட்பக்கம் குளிர்ச்சி என்ற வித்தியாசத்தால் உள்பரப்பு அமுக்கத்துக்குத் திரும்பும். ஏற்கெனவே வெல்டு போட்ட குழாயிலும் வெளியே மின்சாரத்தால் சூடேற்றும் இண்டக்ஷன் சுருள், உள்ளே தண்ணீர் என்று இதையே செய்யலாம். கொதிநீர் அணு உலைகளின் குழாய்களில் செய்தும் இருக்கிறார்கள். தண்ணீர் விட வழியில்லாத லைனுக்கு, கார்பன் குறைந்த 304எல் அல்லது 316எல் குழாயை வாங்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம். அதிலும் தகைவு இருக்கும், மணி எல்லை அவ்வளவு எளிதில் கெடாது.