டாப்ஸ் ஆண்டு செட்: பாக்ஸ் பிரித்துச் சேர்ப்பதா, அடுக்கியதை வாங்குவதா?

டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட, எண்ணிட்ட அட்டைகளின் செட்டை வெளியிடுகிறது. ஒரு வருடத்துச் செட்டை முழுதாகச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. பாக்ஸ் வாங்கிப் பிரித்து எண் எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. நிறுவனமே அடுக்கி சீல் வைத்து விற்கும் ஃபேக்டரி செட் இன்னொன்று. வேறொருவர் பிரித்து அடுக்கியதை அவரிடமே வாங்கிவிடுவது மூன்றாவது. எது கட்டுப்படியாகும் என்பதை முடிவு செய்வது முதல் முந்நூறு அட்டைகள் அல்ல, கடைசி முப்பது.

2023 செட்டையே பார்ப்போம். பிப்ரவரியில் வந்த சீரிஸ் 1-இல் 1 முதல் 330 வரை, ஜூனில் வந்த சீரிஸ் 2-இல் 331 முதல் 660 வரை. பிறகு வந்த ‘அப்டேட்’ என்ற துணை செட்டில் இன்னொரு 330. அவற்றின் எண்கள் ‘யூஎஸ்’ என்று தொடங்கும்.

அந்த ஆண்டின் ஹாபி பாக்ஸில் (அட்டைக் கடைகளில் விற்கும் பெட்டி) 24 பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்கு 14 அட்டைகள், மொத்தம் 336. 330-க்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் பாக்கெட்டுக்கு ஒன்றிரண்டு இடங்களை இன்சர்ட்டும் (செட்டில் சேராத தனி அட்டை) பேரலலும் (சாதா அட்டையின் நிறமோ மினுக்கமோ மாறிய பதிப்பு) பிடித்துக்கொள்கின்றன. ஒரு டூப்ளிகேட்கூட வராவிட்டாலும் சாதா அட்டைகள் முந்நூறு தேறினால் பெரிது. பெரிய பாக்கெட்டுகள் கொண்ட ஜம்போ பாக்ஸில் 10 பாக்கெட், 46 வீதம் 460. ஒரே பாக்ஸுக்குள் அட்டைகள் ஓர் ஒழுங்கில் விழுவதால் டூப்ளிகேட் குறைவு. ஒரு ஜம்போவிலேயே சீரிஸ் முழுதாகவோ சில எண்கள் மட்டும் குறைந்தோ தேறிவிடுவது சகஜம். செட்தான் குறி என்றால் இரண்டு ஹாபியைவிட ஒரு ஜம்போ மேல்.

பணம் கரைவது சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ‘பிளாஸ்டர்’ எனும் சிறு பெட்டியிலும் உதிரி பாக்கெட்டிலும்தான். வெவ்வேறு கடை, வெவ்வேறு பெட்டி என்று வாங்கும்போது அந்த ஒழுங்கு குலைந்து எல்லாம் குலுக்கல் சீட்டாகிவிடுகிறது. 330 அட்டைகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் 300 எண்கள் சேர சராசரியாகச் சுமார் 790 சாதா அட்டைகள் பிரிக்க வேண்டும். மீதி 30-க்கு இன்னும் சுமார் 1,320. கடைசி ஒற்றை அட்டைக்கு மட்டும் 330! ஆகவே முந்நூறை நெருங்கியதும் பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டு, இல்லாத எண்களைப் பட்டியல் போட்டு உதிரியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஸ்போர்ட்லாட்ஸ் போன்ற தளங்களில் சாதா அட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், தபால் செலவுதான் கடிக்கும். விலை சற்றுக் கூடினாலும் பட்டியலில் அதிகம் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேரிடமே மொத்தமாக எடுங்கள்.

அடுக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. ரெயின்போ ஃபாயில் என்ற பேரலலுக்கும் சாதா அட்டைக்கும் எண் ஒன்றே. விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால்தான் மினுக்கம் தெரியும். கோல்டு என்ற பேரலலில் 1 முதல் 2023 வரை ஏதோ ஒரு வரிசை எண் அச்சாகியிருக்கும், அதைத் தவறவிட மாட்டீர்கள். சிக்கல் படம் மாறிய அபூர்வ அட்டைகளில். எண், பெயர் எல்லாம் அதேதான், படம் மட்டும் வேறு. பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடும் வரியில் ஒரு குறியீடு இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதன் கடைசி இலக்கங்களைப் படியுங்கள். அதே சீரிஸின் மற்ற சாதா அட்டைகளோடு ஒத்துப்போகாவிட்டால் எடுத்து ஓரமாக வையுங்கள். செட்டை நிரப்ப அதைப் போடுவது நஷ்டம்.

ஃபேக்டரி செட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 660-ம் ஒரே பெட்டியில், கூடவே சில போனஸ் அட்டைகள். பிரிக்கும் சுகம் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் எண் வரிசை சரியாக இருக்கும் என்று நம்பி அப்படியே பைண்டரில் ஏற்றாதீர்கள். ஈரப்பதமான இடத்தில் இருந்த பெட்டியில் பளபளப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு அட்டை ஒன்றாகத் தெரியலாம். நகத்தால் நெம்பாமல், அடுக்கை மெல்ல வளைத்துப் பிரிக்க வேண்டும். முக்கியமாக, அப்டேட் இதில் சேராது. பேஸ்பால் நட்சத்திரம் மைக் ட்ரவுட்டின் புகழ்பெற்ற ரூக்கி அட்டை (அறிமுக வீரராக வந்த அட்டை) 2011 அப்டேட்டின் யூஎஸ்175. அந்த வருடத்து ஃபேக்டரி செட் வைத்திருப்பவரிடம் அது இருக்காது.

மூன்றாவது வழி பல சமயம் எல்லாவற்றையும்விட மலிவு. ஆட்டோகிராஃபுக்காகப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பவர்களுக்கு சாதா அட்டை இடத்தை அடைக்கும் சரக்கு, தள்ளிவிட்டால் போதும் என்றிருப்பார்கள். பணம் கட்டும் முன் முக்கிய ரூக்கிகளின் படம் கேளுங்கள். அவை உருவப்பட்ட செட்டுகளும் சந்தையில் உண்டு. வந்தவுடன் ஐம்பது ஐம்பதாக எண்ணிச் சரிபாருங்கள், மாதக்கணக்கில் கிடத்திவிட்டுப் புகார் செய்தால் எடுபடாது.

செட் வேண்டுமென்றால் ஃபேக்டரி, அத்துடன் அப்டேட்டை அடுக்கிய செட்டாகத் தனியே. சேர்க்கும் வேலையே பிடிக்குமென்றால் சீரிஸுக்கு ஒரு ஜம்போ, மீதி உதிரி. எங்கள் சிபாரிசு இதுதான். பழைய ஆண்டு வடிவமைப்பில் டாப்ஸ் வெளியிடும் ஹெரிட்டேஜ் செட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே பல ஆண்டுகளாக 500 அட்டைகளில் 401 முதல் 500 வரை குறைவாக அச்சிடப்பட்டவை, ஏறக்குறைய மூன்று பாக்கெட்டுக்கு ஒன்று வீதம். 24 பாக்கெட் பெட்டிக்கு எட்டு. டூப்ளிகேட்டே வராவிட்டாலும் நூறையும் பிடிக்கப் பன்னிரண்டு பெட்டிக்கு மேல் ஆகும். முதல் 400-ஐ அடுக்கியதாக வாங்கிவிட்டு, மீதி நூறை நிதானமாகத் தேடலாம்.

வைக்க 660 அட்டை கொள்ளும் அட்டைப்பெட்டி கிடைக்கிறது. புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பது பை கொண்ட தாள்கள் 74 வேண்டும். பிவிசி கலந்த தாள் வேண்டாம், நாளடைவில் அட்டையைக் கெடுக்கும். பைண்டரின் வளையம் டி வடிவில் இருக்கட்டும். வட்ட வளையம் உள்பக்க வரிசையில் அழுந்தித் தடம் போட்டுவிடும். அப்டேட்டுக்கு இன்னும் 37 தாள்கள், அவற்றுக்குத் தனி பைண்டர்.