கிளிநொச்சியில் ஒரு ஜிம்: நாற்பது தாண்டியவர்கள் சேரலாமா?

சேரலாம். இரத்தத்தில் சீனி கூடத் தொடங்கியவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். பெண்களுக்கென்று விடியப்புறம் தனி நேரம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கிளினிக்கில் "சீனி வரப் பார்க்குது" என்று சொன்ன பிறகு இங்கே போகத் தொடங்கினேன்.

பயிற்சியாளர் தம்பி கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "அக்கா, உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?" ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் வன்னியில், இதைக் கேட்காமல் ஒருவரைப் பாரம் தூக்க விடக்கூடாது. எனக்குத் தோள்பட்டைக்குக் கீழே ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் கையைத் தூக்கினால் குத்துகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டார். தலைக்கு மேலே தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, குனிந்து இழுக்கும் பயிற்சியைத் தந்தார். ஒரு காலை இழந்த அண்ணை ஒருவரும் வருகிறார். அவருக்குப் பெஞ்சில் இருந்தபடி செய்ய வேறொரு பட்டியல்.

தொடக்கத்தில் மெசின் எதுவும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் கதிரைதான். கையை ஊன்றாமல் இருந்து எழும்ப வேண்டும். "மூச்சைப் பிடிக்காதேங்கோ அக்கா, எழும்பேக்க வெளியில விடுங்கோ" என்று பக்கத்திலேயே நின்றார். அது இலகுவானதும் கையில் டம்பெல், அப்புறம் தோளில் கம்பி. போன முறை எவ்வளவு தூக்கினேன் என்பது கொப்பியில் இருக்கும், இந்த முறை கொஞ்சம் கூடும். பாரம் மெல்ல மெல்லக் கூடும்போது தசையும் வளரும். அதை இந்தத் தம்பி சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்.

ஆனால் சுவரில் தொங்கும் பதாகை சரியில்லை. தசை வைத்தால் நித்திரையிலும் கொழுப்பு கரையும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. கொழுப்பு என்றால் நாலைந்து. இரண்டு கிலோ தசை வைத்தாலும் ஒரு மாரி பிஸ்கட் அளவுதான் கூடச் செலவாகும். மெலியலாம் என்று நம்பி வருகிற பிள்ளைகள், தராசு இறங்கவில்லை என்று நின்றுவிடுகிறார்கள். பார்க்கக் கவலையாக இருக்கிறது.

உண்மையான இலாபம் சீனியில் இருக்கிறது. சோறு சாப்பிட்ட பிறகு இன்சுலின் இரத்தத்திலிருந்து அள்ளிக் கொடுக்கும் குளுக்கோசின் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோசை உள்ளே இழுக்கிறது. பயிற்சிக்குப் பிறகு தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும், அந்த நிலை ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை நிற்கும். கிழமைக்கு இரண்டு தரமாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எங்களைப் போன்ற தெற்காசியருக்கு இது இன்னும் முக்கியம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் வைத்த உடம்பு எங்களுக்கு வழமை, நிறை குறைவாக இருக்கும்போதே சீனி வருத்தம் வந்துவிடுகிறது. ஆகவே தராசை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளக்கச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். ஒரு டேப் போதும்.

"வயல் வேலை செய்யிற சனத்துக்கு ஜிம் எதுக்கு?" என்று மாமா கேட்டார். வயலில் இப்போது உழவுக்கும் மெசின், வெட்டுக்கும் மெசின், சந்திக்குப் போக மோட்டார் சைக்கிள். சோற்றுக் கோப்பை மட்டும் குறையவில்லை. முப்பது தாண்டினால் தசை தானாகவே தேயத் தொடங்கும், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 வீதம் வரை. அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான், அந்தத் தேய்மானம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். வயது போய்விட்டது என்று சொல்லவும் வேண்டாம். 1990இல் அமெரிக்காவில், சராசரி வயது 90 ஆன முதியோர் இல்லத்தவர்களை 8 கிழமை பாரம் தூக்க வைத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது.

குறைகளும் உண்டு. எட்டு மணிக்கு மேல் தகரம் கொதிக்கும், காற்றாடி சுடுகாற்றைத்தான் வீசும். சின்னத் தட்டுகள் இல்லை. இரண்டரைக் கிலோவிலிருந்து நேரே ஐந்துக்குப் பாய வேண்டியிருக்கிறது, பெண்களுக்கு அது பெரிய பாய்ச்சல். கிழமைக்கு இரண்டு நாள் வருகிறவர்களுக்கும் முழு மாதக் காசு வாங்குகிறார்கள். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். புரதப் பவுடர் டின்னையும் வாங்கச் சொல்வார்கள். முட்டை, நெத்தலி, கௌபி, கச்சான் வீட்டில் இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் முதலில் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள், சீனி இறங்கினால் வாயில் போட இரண்டு டொபியும் கொண்டுபோங்கள். மற்றபடி ஒரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் போதும். சேலையோடு வந்தாலும் உள்ளே மாற்ற ஒரு அறை இருக்கிறது, பூட்டும் நன்றாக வேலை செய்கிறது.