அம்மா உணவகம்: மாமன்றம் கூடும் முன் ஒரு மதிப்பீடு

சென்னை மாநகராட்சி மாமன்றம் அடுத்து ரிப்பன் மாளிகையில் கூடும்போதும் அம்மா உணவகங்களின் இழப்புக் கணக்கு பேச்சில் அடிபடும் என்று எதிர்பார்க்கலாம். 200 வார்டுகளின் உறுப்பினர்களும் வரவு செலவுத் தாளைப் பார்த்துப் பேசுவார்கள். தட்டைப் பார்த்தும் யாராவது பேச வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

2013 பிப்ரவரியில் சாந்தோமில் முதல் உணவகம் திறக்கப்பட்டபோது வைத்த விலைதான் இன்றும் இருக்கிறது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பின்னர் சேர்ந்த பொங்கலுக்கு 5 ரூபாய். மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கடைசலும் 3 ரூபாய். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவில் நான்கு சப்பாத்தி என்று உண்பவருக்கு நாள் முழுவதற்கும் 18 ரூபாய்தான் ஆகும். டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட அந்தத் தொகை போதாது.

விலை இருக்கட்டும், சுவைக்கு வருவோம். டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, தட்டை ஏந்தி, உயரமான எவர்சில்வர் மேசையில் நின்றபடியே சாப்பிட வேண்டும். எனக்குப் பிடித்தது மதியச் சாம்பார் சாதம். குழைய வெந்த அரிசியில் பருப்பும் காய்கறியும் சேர்ந்து வீட்டுப் பக்குவத்தில் இருக்கும். பாத்திரம் திறந்த சூட்டோடு, பன்னிரண்டு மணியையொட்டிப் போய்விடுவது நல்லது. சப்பாத்திக்கும் அதே விதிதான், கல்லிலிருந்து இறங்கியதுமே சாப்பிட்டுவிட வேண்டும். ஆனால் பட்டியல் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. தினமும் அங்கேயே சாப்பிடும் சுமை தூக்கும் தொழிலாளிக்கு அது அலுக்காதா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. முதியவர்களுக்கு நாலு நாற்காலியாவது போட்டிருக்கலாம்.

சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுவினர். 2024 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தேனாம்பேட்டை உணவகத்தைப் பார்வையிட்ட பிறகு, புதிய பாத்திரங்களுக்கும் கருவிகளுக்கும் கட்டடச் சீரமைப்புக்குமாக 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது; ஊழியரின் நாள் ஊதியமும் அதே காலத்தில் 300 ரூபாயிலிருந்து 325 ரூபாயானது. பெயர் காரணமாகவே ஆட்சி மாறினால் மூடிவிடுவார்கள் என்று பேசியவர்கள் உண்டு; அந்த ஆரூடம் பலிக்கவில்லை. ஆயினும் ஒரு காலத்தில் 407 ஆக இருந்த உணவகங்கள் பிறகு 400-க்குக் கீழே வந்துவிட்டன.

இழப்பு என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அடக்க விலைக்கும் கீழே விற்கும் இடத்தில் ஒவ்வோர் இட்லிக்கும் கையிலிருந்து போடத்தான் வேண்டும். ஆகவே கூட்டம் கூடக்கூட மானியமும் கூடும், நன்றாக நடக்கும் உணவகத்துக்கும் ஏட்டில் கெட்ட பெயர்தான் கிடைக்கும். மாமன்றம் கேட்க வேண்டியது, ஒருவருடைய ஒரு வேளைப் பசியாற மாநகராட்சிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை. உணவகம்வாரியாக அந்தக் கணக்கை எடுத்தால், ஆள் வராத இடத்தில் ஊதியமும் எரிவாயுவும் எவ்வளவு வீணாகின்றன என்பதும் தானே தெரிந்துவிடும். அத்தகைய உணவகத்தை மூடுவதைவிட, அதே வார்டில் பேருந்து நிறுத்தத்துக்கோ சந்தைக்கோ அருகில் மாற்றுவது மேல்.

இன்னொன்று, பார்சல் தரக்கூடாது என்ற விதி. வாங்கிப்போய் விற்பதைத் தடுக்க அது தேவைதான் என்றாலும், அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள உணவகங்களுக்கு அது பொருந்தாது. நோயாளியின் கட்டிலை விட்டு நகர முடியாதவருக்காக, உடனிருப்போர் அனுமதிச் சீட்டைக் காட்டினால் ஒரு வேளை உணவைக் கட்டிக்கொடுக்கலாம் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரலாம். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.