சவரக்கத்தியின் வாய்: தோலா, பசையா, கல்லா?

சலூன்களில் அரை பிளேடு செருகும் கத்தி வந்த பிறகு, கத்தி தீட்டும் தோல்வார் சுவரில் தொங்கும் கடையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வீட்டில் பழைய மடக்குக் கத்தியால் சவரம் செய்ய ஆசைப்படுகிறவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. நானும் இரண்டு கத்திகளைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சாணைக்கும் அடுத்த சாணைக்கும் நடுவில் கூரைக் காப்பாற்ற மூன்று வழி இருக்கிறது: வெறும் தோல், பசை (ஒட்டும் பசை அல்ல, எஃகைத் தேய்க்கும் துகள் கலந்தது) தடவிய பட்டை, வழவழப்பான கல். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

கூர் ஏன் போகிறது? எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கெட்டி. ஆனாலும் 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண ரேசர் பிளேடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, முடி சாய்ந்து வளைகிற நேரத்தில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்வதைக் கண்டார்கள். மடக்குக் கத்திக்கு இதோடு துருவும் சேர்ந்துகொள்கிறது. பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. ஈரம் பட்டால் முதலில் அரிக்கப்படுவது மெல்லிய வாய்தான்.

தோல்வார் செய்வது ஒழுங்குபடுத்தும் வேலை. ஈரத்தையும் அழுக்கையும் துடைக்கும், லேசாக மடங்கிய வாயை நேராக்கும். பெயர்ந்த சில்லைத் தோலால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தோலில் தினமும் தீட்டினால் மற்ற இரண்டும் எப்போதாவதுதான் தேவைப்படும். சவரத்துக்கு முன் வாரோடு சேர்ந்திருக்கும் துணிப்பட்டையில் 20, 30 முறை, பிறகு தோலில் 50, 60 முறை இழுக்கிறேன். முதுகு முன்னே போகணும், வாய் பின்னே வரணும். திருப்பும்போது கத்தி முதுகின் மேல்தான் உருளணும். வாயின் மேல் உருட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. என் முதல் வாரில் நானே போட்ட மூன்று வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. வார் தொய்ந்து தொங்கக் கூடாது. அழுத்தவும் கூடாது, அழுத்தினால் தோல் குழிந்து, வாயைச் சுற்றி எழும்பி, கூரை உருட்டிவிடும். வேகம் ஒரு பொருட்டே இல்லை. சினிமாவில் சடசடவென்று தீட்டுவது பார்க்க அழகு, அவ்வளவுதான்.

இடுப்பு பெல்ட்டில் தீட்டலாமா என்றால், தையலும் புடைப்பும் இல்லாத வழவழப்பான தோலாக இருந்தால் சரி.

பசை வேறு ரகம். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு, சவரத்துக்கென்று விற்பது, துகள் சுமார் 0.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வைரப் பசை 0.1 மைக்ரான் வரை கிடைக்கிறது. இவை எஃகை உண்மையிலேயே தேய்க்கின்றன, அதனால் பெயர்ந்த விளிம்பும் ஓரளவு சீராகும். பத்தே இழுப்பில், மேலுதட்டில் இழுத்துக்கொண்டிருந்த கத்தி மறுபடி வழுக்கிக்கொண்டு போகும். அந்த மகிழ்ச்சியில் நான் தினமும் பசையில் தீட்டினேன், அதுவும் தொங்கும் வாரில். சில வாரங்களில் முடி நன்றாக வெட்டுப்பட்டது, ஆனால் கன்னம் எரிந்தது. தோல் அமுங்கிக் கொடுப்பதால் கூரின் இரு சரிவுகளும் வளைந்து மொண்ணையாகிவிட்டிருந்தன. அடுத்த சாணையில் அந்த வளைவைத் தேய்த்து எடுக்கவே பாதி நேரம் போயிற்று. பசை கைமாற்றுக் கடன் மாதிரி, அவசரத்துக்கு உதவும், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். பயன்படுத்துவதானால் பால்சா என்ற இலேசான மரத்தின் தட்டையான துண்டில் மெல்லிசாகத் தடவுங்கள். மரம் தோலைப் போல அமுங்காது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பச்சை பாலிஷ் கட்டியைத் தவிர்த்துவிடலாம். அதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகளும் ஒரே சீராக இருக்காது.

மூன்றாவது கல். சாணைக்காரரின் சொரசொரப்பான கல் அல்ல. முடிதிருத்துநர்களுக்கென்றே உள்ளங்கை அளவில் கற்கள் செய்தார்கள். இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள மாரிபோரில் தயாரான ஸ்வாட்டி கல் அதில் பேர் போனது. இயற்கைக் கல் வேண்டுமென்றால் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் இருக்கிறது. அதிலுள்ள கார்னெட் என்ற கெட்டியான கனிமத்தின் நுண்ணிய மணிகள்தான் தேய்க்கும் வேலையைச் செய்கின்றன. இங்கே இழுப்பு தலைகீழ்: வாய் முன்னே, முதுகு பின்னே, முதுகும் வாயும் கல்லை விட்டு எழக் கூடாது. சிறுகல்லில் மூன்று முதல் ஐந்து முறை போதும். கோட்டிக்யூலில் தண்ணீர் விட்டு, கத்தியின் எடை மட்டும் இறங்கும்படி 20, 30 முறை. பிறகு வழக்கம்போலத் தோல்வார். கல் கெட்டியாக இருப்பதால் சரிவு தட்டையாகவே நிற்கிறது. எத்தனை முறை செய்தாலும் பசையில் வந்த அந்த மொண்ணை வருவதில்லை. தொல்லை இரண்டு. நல்ல கல்லுக்கு விலை அதிகம், கை நடுங்கினால் ஒரே இழுப்பில் கூர் காலி. பழைய சிறுகல் வாங்கினால் ஓரம் உடைந்திருக்கிறதா, முகம் மினுமினுவென்று அடைத்துப்போயிருக்கிறதா என்று பார்த்து, சமப்படுத்திய பிறகே கத்தியை வையுங்கள்.

கல்லில் கை பழகியவருக்குப் பசை தேவையே இல்லை என்பது என் கட்சி. பழகாதவர் மாதம் ஒருமுறை பால்சாவில் பத்து இழுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் மேலுதட்டில் இழுத்தால் கத்தி சாணைக்குப் போகட்டும்.

அப்புறம், கடலோரத்தில் இருப்பவர்கள் கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். சவரம் முடிந்ததும் துடைத்து, துணிப்பட்டையில் பத்து இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவி அலமாரியில் வையுங்கள். கைப்பிடிக்குள் ஈரம் இருந்தால் மடக்காமல் சிறிது நேரம் விரித்தே வைக்கலாம், குழந்தைகள் எட்டாத உயரத்தில்.