பத்து சதவீதத்துக்குள் வர எத்தனை வழி?

பல்கலைக்கழக வாசலை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் பைண்டிங், லேமினேஷன் வரிசையில் இப்போது 'பிளாகியாரிசம் ரிமூவல்' (எழுத்துத் திருட்டை நீக்குவது) என்ற வேலையும் சேர்ந்துவிட்டது. ஆய்வேடு உள்ள பென்டிரைவைக் கொடுத்தால் சிமிலாரிட்டியை, அதாவது பிறர் எழுத்தோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் சதவீதத்தை, பத்துக்குக் கீழே இறக்கித் தருவார்கள். எப்படி இறக்குகிறார்கள் என்று கொடுத்தவரும் கேட்பதில்லை, கையெழுத்துப் போடும் நெறியாளரும் கேட்பதில்லை. எண்ணை வைத்து மட்டும் வழிகளை ஒப்பிட்டால் இந்தக் கடைதான் முதலிடம் பிடிக்கும்.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த விதிமுறையிலிருந்து. பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எம்.ஏ., எம்.எஸ்சி. ஆய்வேடும் இதற்குள் வரும். அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் வராது. அவற்றுக்குக் கல்லூரி தனியே விதி வைத்திருந்தால் அதுதான் செல்லும்.

நம் பிள்ளைகள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முறையாகச் சுட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், நிலையான சமன்பாடு எல்லாம் கணக்கில் சேராது என்று அதே விதி சொல்கிறது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடருக்கு 14 சொல் வரை விலக்கும் உண்டு. அதாவது, நேர்மையாக எடுத்தாண்டவருக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. கடைக்குப் போக அவசியமே இல்லை.

சரி, வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்ட பின் காவிரிப் படுகையில் குறுவைச் சாகுபடி விரிந்தது, அதே சமயம் அணையில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பதையே உழவர்கள் நம்பியிருக்க வேண்டிய நிலையும் வந்தது."

அப்படியே மேற்கோள்

இரட்டை மேற்கோள்குறி, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம். வேலை முடிந்தது. இதில் திருட்டுக்கு இடமே இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், எண்ணை ஏற்றுவதும் இதுதான். மேற்கோளை விலக்கும் அமைப்பை யாரும் இயக்காமல் ரிப்போர்ட் எடுத்தால், நேர்மையாகக் குறியிட்ட ஒவ்வொரு வரியும் சிவப்பாக வந்து நிற்கும். தமிழ் இலக்கிய ஆய்வேடுகளில் இந்தத் தலைவலி இன்னும் அதிகம். ஒரே புறநானூற்றுப் பாட்டை நூறு பேர் எடுத்தாண்டிருப்பார்கள்; எல்லோரோடும் பொருந்தும். பாட்டைக் குறியே இல்லாமல் நடுவில் தள்ளி அச்சடிப்பதும், உரைநடையை ஒற்றை மேற்கோள்குறிக்குள் போடுவதும் நம் வழக்கம். இவற்றை மென்பொருள் மேற்கோள் என்று எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே இரட்டைக் குறி.

இந்த வழியின் குறை வேறு. மேற்கோளை அடுக்கிக்கொண்டே போனால் ஆய்வேட்டில் ஆய்வாளரைக் காணோம். சொல்லின் வடிவமே முக்கியமாக இருக்கும் இடத்துக்கு, அதாவது செய்யுள், கல்வெட்டு வாசகம், சட்டம், ஒருவரை மறுக்கப்போகும் கூற்று ஆகியவற்றுக்கு, இது பொருத்தம். மேட்டூர் வரிக்கு இது தேவையில்லை.

சொல்லை மட்டும் மாற்றுவது

"மேட்டூர் நீர்த்தேக்கம் 1934ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட பிறகு காவிரி டெல்டாவில் குறுவை வேளாண்மை பெருகியது, அதே நேரத்தில் அணையில் ஜூன் 12 அன்று நீர் திறந்துவிடுவதையே விவசாயிகள் சார்ந்திருக்கும் சூழலும் உருவானது."

அணைக்கு நீர்த்தேக்கம், உழவருக்கு விவசாயி, நிலைக்குச் சூழல். கடைக்காரர் செய்வது இதுதான். ஆன்லைனில் சொல் மாற்றித் தரும் கருவிகள் செய்வதும் இதுதான். எண் சரசரவென்று இறங்கும். தமிழில் இன்னும் வேகமாக இறங்கும். ஒரு வேற்றுமை உருபை மாற்றினாலே, சந்தியைப் பிரித்து எழுதினாலே, மென்பொருளுக்கு அது வேறு சொல். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. எது முதலில், எது பிறகு, காற்புள்ளி எங்கே என்பது வரை மூல ஆசிரியருடையது. அடியில் அவர் பெயரைப் போட்டாலும் இது தப்புதான், ஏனென்றால் வாக்கியம் உங்களுடையது என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். போதாக்குறைக்குக் கருவிகள் துறைச்சொல்லையும் சேர்த்து மாற்றிவிடும். குறுவை 'குறுகிய காலப் பயிர்' ஆகி, அடுத்த பத்தியில் 'சிறு பயிர்' ஆகியிருக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் விரலை வைக்கும் இடம் அதுதான்.

புரிந்துகொண்டு சொந்தமாகச் சொல்வது

"குறுவை பெருகியதற்கும், ஜூன் 12ஐ எதிர்பார்த்து உழவர் காத்திருக்க நேர்ந்ததற்கும் மேட்டூர் அணையே காரணம் என்கிறார் இன்னார் (ஆண்டு, பக்கம்)."

மூலம் காலவரிசையில் சொன்னதை இங்கே காரணமாகத் திருப்பியிருக்கிறோம். இரண்டு விளைவு, ஒரு காரணம். அடுத்த வரியில் நீங்கள் ஒரு கேள்வியைத் தொடங்கலாம்: அப்படியானால் ஏரிப்பாசனப் பகுதியில் என்ன நடந்தது? ஒப்பிட்டதில் ஆய்வை முன்னே நகர்த்தும் வழி இது ஒன்றுதான். எண்ணும் தானாகக் குறையும். அதற்கான விலை நேரம்தான். மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்து, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டே எழுதினால் எவ்வளவு முயன்றாலும் முந்தைய வகைக்குத்தான் சறுக்கும்.

மொழிபெயர்த்துப் போடுவது

தமிழ்வழி ஆய்வேடுகளில் அதிகம் பேசப்படாத வழி இது. ஆங்கிலக் கட்டுரையைக் கூகுளில் போட்டுத் தமிழாக்கி, கொஞ்சம் செப்பனிட்டு, மூலத்தின் பெயர் இல்லாமல் ஓர் இயலாக ஒட்டிவிடுவது. ரிப்போர்ட்டில் பூஜ்யத்தை ஒட்டி வரும். எண்ணில் மிகச் சுத்தமானதும், உண்மையில் முழுத் திருட்டும் ஒன்றாகவே இருப்பது இங்கேதான்.

தமிழிலிருந்து தமிழுக்கே எடுத்தாலும் பல நேரம் சிக்காது. பாமினி, வானவில் காலத்து எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப்களில் இருப்பது மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பைதான். ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய ஆய்வேடு வெறும் படம். மென்பொருளுக்குக் கண் தெரியாத இடம் இவ்வளவு இருக்கும்போது, 'மூன்று சதவீதம்' என்று அட்டையில் ஒட்டிக்கொள்வதில் என்ன பெருமை?

ஆனால் மனிதக் கண்ணுக்குக் கெடு கிடையாது. ஹங்கேரியின் அதிபராக இருந்த பால் ஷ்மிட், 1992இல் ஒலிம்பிக் போட்டிகள் பற்றி முனைவர் ஆய்வேடு கொடுத்தவர். அதில் பெரும்பகுதி பல்கேரிய ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சில் எழுதியதன் பெயர்ப்பு என்று இருபது ஆண்டு கழித்து 2012இல் ஒரு பத்திரிகை எழுதியது. பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. ஏப்ரல் 2ஆம் தேதி அவர் பதவி விலகினார். நம் ஊர் விதியிலும், பட்டம் கொடுத்த பிறகு திருட்டு நிரூபணமானால் பட்டத்தை நிறுத்திவைக்கலாம். முனைவர் ஆய்வேடோ சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் உலகம் முழுவதும் பார்க்கக் கிடக்கிறது.

மொழிபெயர்ப்பது குற்றமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'தமிழாக்கம் ஆய்வாளருடையது' என்று ஒரு வரி, மூலத்தின் பெயர், பக்கம். அவ்வளவு போட்டால் அதுவே மதிப்புள்ள பணி.

ஏஐயிடம் கேட்டு வாங்குவது

எண்ணில் இதுவும் சுத்தம். யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் சிக்கல். கேட்டால் இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு தரும். துணைநூற்பட்டியலில் அப்படி ஒன்று மாட்டினால் மற்ற நல்ல குறிப்புகளும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஏஐ எழுத்தைப் பிடிக்கும் கருவிகளையும் நான் பெரிதாக நம்பவில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை விழுந்தது. ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆகவே சொந்தமாக எழுதுகிறவர்கள் முதல் வரைவு, கையெழுத்துக் குறிப்பு, திருத்திய பிரதி எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு வந்தால் கையில் காட்ட ஏதாவது வேண்டும்.

கடைசியாக, ரிப்போர்ட்டில் 28 என்று வந்துவிட்டது, சமர்ப்பிக்கும் நாளும் நெருங்குகிறது என்றால்? எண்ணை விட்டுவிட்டு எந்த மூலங்களோடு பொருந்துகிறது என்று முதலில் பாருங்கள். பட்டியலும் மேற்கோளும் விலக்கி ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். மிச்சமிருப்பதில் எட்டு மூலங்களோடு ஒவ்வொரு சதவீதம் என்றால் கலங்க வேண்டாம். ஒரே மூலத்தோடு ஒன்பது என்றால், மொத்தம் பத்துக்குள் இருந்தாலும், அந்தப் பக்கங்களை உட்கார்ந்து புதிதாக எழுதத்தான் வேண்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: வரைவைச் சோதிக்கக் கொடுக்கும்போது மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம் என்று நூலகத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டையே திருடியதாக நூறு சதவீதத்தை நெருங்கி வந்து நிற்கும்.