மேட்டூர் அணையில் மீன்பிடிக்க: மூங்கில் பரிசலா, ஃபைபர் பரிசலா?

வாங்கும் செலவு: மூங்கில் குறைவு. ஃபைபர் பல மடங்கு.

பராமரிப்பு: மூங்கிலுக்குத் தார்ப்பூச்சு தேய்ந்த இடமெல்லாம் மறுபடி பூச வேண்டும். முற்றாத மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைத்துவிடும். 3 வயது தாண்டிய மூங்கிலா என்று கேட்டு வாங்குங்கள். ஃபைபருக்கு அவ்வப்போது கழுவினால் போதும்.

அடிபட்டால்: அணையில் தண்ணீர் இறங்கும்போது பாறைகள் தலைகாட்டும். மூங்கில் வளைந்து கொடுக்கும். கிழிந்தாலும் சாக்குத்துணியும் தாரும் வைத்துக் கரையிலேயே ஒட்டலாம். ஃபைபர் விரிசல் விடும். அதை நன்றாகக் காயவைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, விரிசலைவிட 2 அங்குலம் அகலமாகக் கண்ணாடி இழைப்பாய் 2 அடுக்கு ஒட்ட வேண்டும். இழைப்பாயை ஒட்டும் பசையான ரெசின் ஒரு கிலோவுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 20 மி.லி. சேலத்து வெயிலில் 10 போதும், கூடினால் பூசுவதற்குள் கட்டியாகிவிடும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர்.

பரிசலுக்குள் தண்ணீர் ஏறினால்: மூங்கில் தானே மிதக்கும். ஃபைபர் தண்ணீரைவிடக் கனம், நிரம்பினால் மூழ்கும். விளிம்பில் ஃபோம் அடைத்த அறை இல்லாத ஃபைபர் பரிசலை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

தினமும் வலை போடுபவருக்கு ஃபைபர். தண்ணீர் இருக்கும் மாதங்களில் மட்டும், பாறைக் கரையோரம் பிடிப்பவருக்கு மூங்கில். எதுவானாலும் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள்.